வின்னுக்கும் பீட்டுக்கும் நடுவில்

மன்னார்த் தீவில் பள்ளிமுனையில், மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். நண்டுக் கம்பனியில் வேலை செய்கிற பெண்கள் இரண்டு மூன்று பேர், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு மருமகளோடு பேச வழியில்லாமல் இருக்கிற ஒரு தகப்பன், பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து வருகிற ஓட்டோக்காரர் ஒருவர். பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. நாலு பேரோடு பேச வர வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஆங்கிலம் வந்தது தமிழ்நாட்டு முகாமில். பன்னிரண்டு வயதில் படகேறிப் போய், நாற்பதை நெருங்கும்போது திரும்பி வந்தவள் நான். அங்கே கல்லூரியில் ஆங்கிலம் படித்து, முதல் வகுப்பில் தேறினேன். திரும்பி வந்த கையோடு அந்தச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அரசாங்க வேலை கேட்டு ஒரு கந்தோருக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதில சித்தி எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே, அக்கா.”

“தேர்ச்சி எண்டு இருக்குது, பாருங்கோ. அங்க அப்பிடித்தான் எழுதுவினம்.”

“இஞ்ச சித்தியெண்டால்தான் சித்தி,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

முகாமில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. இங்கே அது பரீட்சையில் வென்றதற்கான சொல். என் தேர்ச்சியைச் சித்தியாக மாற்றித் தர ஒரு கடிதம், அந்தக் கடிதத்தை உறுதிப்படுத்த இன்னொரு கடிதம் என்று காலம் போனது. எல்லாம் கையில் வந்து சேர்ந்தபோது வேலைக்குரிய வயது தாண்டிவிட்டது. அதில் இப்போது எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் அன்றிலிருந்து சொற்களை அப்படியே நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்க்கிற பழக்கம் வந்தது. அந்தப் பழக்கம் இருந்தும் ஒரு பெண்ணுக்கு நான் செய்த பிழையைத்தான் எழுதப்போகிறேன்.

அவள் நறுவிலிக்குளத்திலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து, மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த இரண்டு தாள்களை என்னிடம் நீட்டினாள்.

“டீச்சர், இதில ஒரே ஒரு சொல்லு மட்டும் சொல்லுங்கோ. மாமான்ர மகன், மச்சான் ஒருத்தன், வாசிச்சுப்போட்டு, நீ தோத்துப்போனாய் எண்டு எழுதியிருக்கு எண்டு சொன்னான்.”

அது ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் கடிதம். கணவனோடு போய்ச் சேருவதற்காக அவள் போட்ட விண்ணப்பம் அன்சக்ஸஸ்ஃபுல் என்று எழுதியிருந்தது.

“தோத்தது நீங்கள் இல்லைத் தங்கச்சி. இது உங்களைப் பற்றிச் சொல்லேல்லை. விண்ணப்பம் சரிவரேல்லை எண்டுதான் போட்டிருக்கு,” என்றேன். ஆங்கிலத்தில் இப்படி ஒரு நாகரிகம் உண்டு. ஆளைத் தொடாமல் தாளின் மேல் தோல்வியைப் போட்டுவிடும்.

அவள் தாளின் மேல் விரலை வைத்தாள். “விண்ணப்பத்துக்குள்ள இருக்கிறது நான்தானே?”

கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். அவளும் முகாமில் வளர்ந்தவள்தான், என்னுடையதல்ல, வேறொரு முகாம். அங்கேயே காதலித்துக் கலியாணம் செய்து, இருவருமாகத் திரும்பி வந்து, தகப்பன் விட்டுப்போன வயலில் ஒரு வீடு போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் கணவன் வெளிநாடு போய்விட்டான். பிள்ளை இல்லை. முகாமில் எடுத்த படங்கள் நாலோ ஐந்தோதான். இந்தக் கலியாணம் உண்மையானது என்று தங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று கடிதத்தின் இரண்டாம் பக்கம் சொன்னது. அந்தப் பக்கத்தை மச்சான் அவளுக்கு வாசித்துக் காட்டவேயில்லை.

“போன்ல கேள்வி கேட்டவை. மொழிபெயர்க்க ஒருத்தர் நடுவில இருந்தவர். நான் பத்து வசனம் சொன்னால் அவர் ஒரு வசனத்தில முடிச்சுப்போடுவார். எங்கட கதை முழுக்க அந்த ஆளின்ர வாயில நிண்டுபோச்சுது, டீச்சர். அடுத்தமுறை நானே கதைக்க வேணும். எவ்வளவு காலம் எடுக்கும்?”

“ஒரு வருசம் வந்தீங்களெண்டால் கதைக்கலாம்.”

“வாறன்,” என்றாள்.

வந்தாள். விதைப்புக் காலத்திலும் வந்தாள். நகக்கண்ணில் சேறு காயாமல், காலை பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வந்து முன்வரிசையில் இருப்பாள். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் வயலுக்குத் திறக்கிற கிழமை மட்டும் ஒருமுறை வரவில்லை. அதற்கும் முதல் நாளே ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதில் மூன்று பிழை இருந்தது. மூன்றையும் அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொண்டு போனாள்.

அந்த வருட நடுவில் ஒரு சனிக்கிழமை ஓட்டோக்காரர் சந்தோசத்தோடு வந்தார். முதல் நாள் பின்னேரம் அவருடைய ஊர்ப் பெடியள் பந்தடியில் பள்ளிமுனையாரைத் தோற்கடித்திருந்தார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே எழுந்து நின்று, “டீச்சர், யெஸ்டர்டே வீ வொன் பள்ளிமுனை!” என்றார். நண்டுக் கம்பனிப் பெண்கள் பள்ளிமுனைக்காரர். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பாடம் தானாகவே வந்து வாசலில் நிற்கும்போது விடக்கூடாது என்று நான் கரும்பலகைக்குப் போனேன். “நீங்கள் பள்ளிமுனையை வின் பண்ணேல்லை. பள்ளிமுனை என்ன பரிசே, தூக்கிக்கொண்டு போறதுக்கு? மேட்சை வின் பண்ணலாம். கோப்பையை வின் பண்ணலாம். எதிரில நிண்டு விளையாடின ஆளை வின் பண்ண ஏலாது. ஆளை பீட் பண்ண வேணும்.”

“பீட் எண்டால் அடிக்கிறதல்லோ?” என்றார் தகப்பனார்.

“அடிக்கிறதும் அதுதான். விளையாட்டில தோற்கடிக்கிறதும் அதுதான். நேற்று நடந்ததுக்கும் பீட், இண்டைக்கு நடக்கிறதுக்கும் பீட். சொல்லு மாறாது.”

“அப்ப நாங்க அவங்கள அடிச்சிட்டம்!” என்றார் ஓட்டோக்காரர். மண்டபம் சிரித்தது. நண்டுக் கம்பனிப் பெண்களும் சிரித்தார்கள்.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை. போட்டியையும் வெல்கிறோம், எதிரியையும் வெல்கிறோம், மனதையும் வெல்கிறோம். முகாமில் ஜெயித்தேன் என்போம், இங்கே வெண்டிட்டன் என்கிறோம். எந்த ஊர்ச் சொல்லாக இருந்தாலும் அது ஆள், பொருள் என்று பார்ப்பதில்லை. ஆங்கிலம் பார்க்கும். உழைத்துப் பெற்றால் ஒன்று, பரீட்சையில் தேறினால் ஒன்று, நெடுநாள் நினைத்ததை முடித்தால் இன்னொன்று. எல்லாவற்றையும் வரிசையாகப் பலகையில் எழுதினேன். அன்றைக்கு நன்றாகப் படிப்பித்தேன் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

அவள் கையை உயர்த்தினாள். “டீச்சர், எங்கட கதையில நான் இவ்வளவு நாளும் பிழையாய்ச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன்.”

அவர்கள் கதை எங்களுக்கெல்லாம் தெரியும். நேர்முகத்துக்காக ஒவ்வொரு கிழமையும் ஒரு துண்டு சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். முகாமில் ஒரு வீட்டு வாசலில் கரம் பலகை, அங்கத்தைய பேச்சில் கேரம் போர்டு, இருந்தது. பின்னேரங்களில் ஆண்கள் கூடி விளையாடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தபோது இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதிரே இருந்தவன் அந்த முகாமில் யாரிடமும் தோற்காதவன். இவள் அவனை வென்றுவிட்டாள். அவன் கோபத்தில் எழுந்து போய், அடுத்த நாள் முதல் ஆளாக வந்து காத்திருந்தான். அப்படித்தான் தொடங்கியது. இந்தக் கதையை அவள் “ஐ வொன் ஹிம்” என்றுதான் சொல்லிவந்தாள். நானும் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

“ஐ பீட் ஹிம்,” என்று திருத்தினேன். “எங்க, திருப்பிச் சொல்லுங்கோ.”

“ஐ பீட் ஹிம். ஹி வாஸ் ஆங்க்ரி. நெக்ஸ்ட் டே ஹி பீட் மீ.”

“அருமை,” என்றேன்.

இரண்டாவது விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்கு நாள் வந்தது. அவளுடைய ஊரில் போன் அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் என் வீட்டில் வைத்துப் பேசுவது என்று முடிவானது. காலையில் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் உடுத்து வந்தாள். போனில் யார் உடையைப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று அவளே ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது விதி. நான் கதவைச் சாத்திவிட்டுக் குசினியில் இருந்து கத்தரிக்காய் வெட்டினேன்.

கதவு மெல்லிய பலகை. வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஓட்டமாக. “ஃபர்ஸ்ட் டே ஐ பீட் ஹிம். ஹி வாஸ் வெரி ஆங்க்ரி.” அவள் சிரிப்பதும் கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. ஒரு வருடத்துக்கு முன் அன்சக்ஸஸ்ஃபுல் என்ற ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்.

வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது. பிளேன்டீ ஊற்றிக்கொடுத்தேன்.

“எல்லாம் சொன்னன் டீச்சர். ஒண்டும் விடேல்லை. கதைச்ச அம்மா நல்ல ஆள். ஒரு இடத்தில மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, டிட் ஹி பீட் யூ எண்டு கேட்டா. யெஸ், சம்டைம்ஸ், பட் ஐ பீட் ஹிம் மோர் எண்டு சொன்னன்.”

நான் இடைமறித்தேன். “கரம் எண்டு சொன்னீங்கள்தானே?”

“போர்டு எண்டு சொன்னன். முகாமில நாங்கள் போர்டு எண்டுதானே சொல்லுறது.”

அந்த நேரம் நான் பேசாமல் இருந்துவிட்டேன். நன்றாகப் பேசிவிட்டு வந்தவளைப் பயமுறுத்த மனம் வரவில்லை. அவர்களுக்கு விளங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். ஒரு வரி போதும். போடவில்லை.

ஐந்து கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. அவள் பாலம் கடந்து வரும்வரை பொறுக்காமல் போனிலேயே எழுத்துக் கூட்டி வாசித்தாள். குடும்ப வன்முறை பற்றி விண்ணப்பதாரர் தெரிவித்த விடயங்கள் தொடர்பாக மேலதிக விளக்கம் வேண்டும் என்று இருந்தது. கணவனிடமும் தனியே பேசியிருந்தார்கள். மனைவியை அடித்திருக்கிறாயா என்று கேட்டதற்கு, ஒருபோதும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். இருவர் சொல்வதும் பொருந்தவில்லை, நாலு கிழமைக்குள் பதில் தரவேண்டும் என்று முடிந்திருந்தது.

“வயலன்ஸ் எண்டால் சண்டைதானே டீச்சர்? நாங்கள் எங்க சண்டை பிடிச்சனாங்கள்?”

“தங்கச்சி, பீட் எண்டதை அவை அடிக்கிறதெண்டு விளங்கிக்கொண்டிட்டினம்.”

அவள் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவளுடைய கணவன் எனக்குப் போன் எடுத்தான். அதற்கு முன் நான் அவனோடு பேசியதில்லை. ஏதோ குளிர்க் களஞ்சியத்தில் வேலை, சாப்பாட்டு இடைவேளையில் பேசினான்.

“டீச்சர், நான் அவளுக்குக் கை நீட்டினதே இல்லை. முந்தநாள் அவை என்னட்டக் கேட்டதில இருந்து, அவள் ஏன் அப்பிடிச் சொன்னவள் எண்டு ரெண்டு நாளாய் யோசிச்சுக்கொண்டிருந்தனான். அவளிட்டக் கேக்கவும் பயமாய் இருந்தது. ஒருவேளை வரவே விருப்பமில்லையோ எண்டு நினைச்சிட்டன்.”

இந்த இரண்டு நாள் கணக்கு எனக்கு இன்றும் உறுத்துகிறது. கடிதத்துக்குப் பதில் எழுதிவிடலாம். தூரத்தில் தனியே இருக்கிற ஒருவன் இரண்டு நாள் தன் மனைவியைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு பெட்டி தூக்கியிருக்கிறான். அதற்கு யார் பதில் எழுதுவது?

“தம்பி, அவ ஒரு பிழையும் சொல்லேல்லை. சொல்லிக்கொடுத்தது நான்தான்,” என்றேன். பின்னால் யந்திரச் சத்தம் கேட்டது. பிறகு, “சரி டீச்சர். அவளுக்கு ஏச வேண்டாம்,” என்று வைத்துவிட்டான். யாருக்கு யார் ஏசுவது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் அவள் வந்தாள். இருவரும் மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தோம். நான் எழுதிய முதல் வரி, மொழியறிவுக் குறைவினால் விண்ணப்பதாரர் ஒரு தவறான சொல்லைப் பயன்படுத்திவிட்டார் என்று இருந்தது. தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“அப்பிடி எழுதாதீங்கோ,” என்றாள்.

“ஏன்?”

“நான் பிழையாய் ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கள் படிப்பிச்சதும் சரி. அந்தச் சொல்லு சரி. கரம் எண்ட ஒரு சொல்லுத்தான் அதில இல்லை. இல்லாததை எழுதுங்கோ. சொன்னதைப் பிழையெண்டு எழுதினால், பிறகு நான் சொன்ன மிச்சக் கதையையும் பிழையெண்டு நினைப்பினம்.”

நான் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். வெட்கத்தில் நான் அவளைக் குறைத்து எழுதப் பார்த்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மொழியறிவுக் குறைவு என்ற சொல் அவளுடைய பெயரில் போயிருந்தால் என் பாடம் தப்பித்திருக்கும். தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இந்தப் பெண்ணுக்கு இந்தச் சொல்லைக் கற்பித்தவள் நான் என்று முதல் வரி போட்டேன். விளையாட்டில் எதிரியைத் தோற்கடிப்பதற்கு இதுவே சரியான சொல் என்று கற்பித்தேன், விளையாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று கற்பிக்கவில்லை. அவர் சொன்னது ஒரு கரம் ஆட்டத்தைப் பற்றி. கீழே என் பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

கடிதம் மட்டும் போதாது, அந்த ஆட்டத்தைக் கண்ணால் கண்ட ஒருவர் சத்தியக் கடதாசி தர வேண்டும் என்று எனக்குப் பட்டது. அந்தக் கரம் பலகைக்குச் சொந்தக்காரர் இப்போது மன்னார் பஜாரில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார் என்று அவள் சொன்னாள். ஓட்டோக்காரர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வாடகை பேச வாயெடுத்தபோது, “பந்தடிக் கதையை ஆரம்பிச்சது நான்தானே டீச்சர், ஏறுங்க,” என்றார்.

கடைக்காரர் கை எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். விசயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“எனக்கு நல்லாய் ஞாபகம் இருக்குது. என்ர பலகைதானே. அண்டைக்கு இவ அவனை அடி அடியெண்டு அடிச்சவ! சனம் சுத்திநிண்டு பாத்தது.”

“அண்ணை,” என்றேன், “சத்தியக் கடதாசியில அடிச்சவ எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ.”

ஒரு கணம் விழித்துவிட்டு, விளங்கியதும் அவர் தலையில் கைவைத்துச் சிரித்தார். தமிழிலும் நாம் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம், அதை நானே அன்றுவரை கவனிக்கவில்லை.

அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். கரம் ஆட்டத்தில் மனைவி பெரும்பாலும் வென்றார், கணவர் சில தடவைகள் வென்றார் என்று, ஆளைத் தொடாமல், ஆட்டத்தை மட்டும் தொட்டு எழுதினேன். கையொப்பத்துக்குச் சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம். ஓய்வுபெற்ற மனிதர். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். காணி, பிறப்பத்தாட்சி, தொலைந்துபோன அடையாள அட்டை என்று எத்தனையோ சத்தியக் கடதாசிகள் பார்த்திருப்பார்.

“கரம் விளையாட்டுக்கோ?” என்றார்.

“ஓம் ஐயா.”

“நடந்தது உண்மைதானே?”

“உண்மை,” என்றார் கடைக்காரர். நீதவான் முத்திரையைக் குத்தினார்.

எல்லாவற்றையும் அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து மறுபடி போனில் கேள்வி கேட்கப்போவதாகச் சொன்னார்கள். இந்தமுறை மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அவளுக்கு விருப்பமில்லை.

“ஒரு வருசம் வந்தது வீணாய்ப் போகுமே, டீச்சர்.”

“வீணாய்ப் போகாது. அந்த ஆள் சொல்லுறது சரியோ எண்டு நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். முதல்முறை அது உங்களால ஏலாமல் இருந்தது.”

அது அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்படியே செய்தாள். இந்தமுறை நடுவில் இருந்தது ஒரு பெண். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, ஒன்றும் விடாமல் அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாளாம். ஒரே ஒரு இடத்தில் நின்றாளாம்.

“நான் அவரை வெண்டனான் எண்டு சொன்னன் டீச்சர். அந்தப் பிள்ளை உடன மாத்திச் சொல்லேல்லை. விளையாட்டிலதானே அக்கா எண்டு என்னட்டக் கேட்டாள். ஓம் எண்ட பிறகுதான் சொன்னாள்.”

அந்தக் கேள்வியைக் கேட்டவளை எனக்குத் தெரியாது. எந்த ஊர், எந்த முகாம், ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று முழுவதும் அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். வகுப்பில் பாதி வசனத்தில் திருத்திவிடுகிற அவசரத்தில், என்னத்தில், யாரோடு என்று நான் யாரையும் கேட்டதில்லை.

முடிவு வந்தபோது நெல் பழுத்திருந்தது. போனில் வந்த கடிதத்தை அவள் வரம்பில் நின்று வாசித்துவிட்டு எனக்கு எடுத்தாள். பின்னால் அறுவடை யந்திரத்தின் சத்தம்.

“டீச்சர், கிராண்டட் எண்டு போட்டிருக்கு. அது நல்லதோ கெட்டதோ?”

“நல்லது தங்கச்சி! விசா கிடைச்சிட்டுது!”

“அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?”

“கேட்டதைத் தந்திருக்கினம் எண்டு கருத்து.”

அவள் சந்தோசத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, “தந்ததெண்டோ?” என்றாள். “நாங்கள் இவ்வளவு ஓடித்திரிஞ்சது ஒண்டும் அதுக்குள்ள இல்லையே.”

“அது கந்தோர்ச் சொல்லு. அவையின்ர பக்கத்திலயிருந்து பாத்தால் அப்பிடித்தான்.”

“சரி, தரட்டும்,” என்றாள். பிறகுதான் அழுதாள். யந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாருக்கோ கத்தினாள். அவளோடு வயல் செய்கிற அண்ணனாக இருக்க வேண்டும். செய்தியை அவனுக்குச் சொல்வதும், அவன் ஏதோ கூவுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைக்க மறந்துவிட்டார்கள். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

போவதற்கு முந்திய சனிக்கிழமை புது மொட்டைக்கறுப்பன் அரிசி ஒரு பை கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல முன்வரிசையில் இருந்தாள். அன்றைக்கு அவளுக்காக நான் ஒன்றும் சிறப்பாகச் செய்யவில்லை. எதிர்காலம் பற்றிய வினைச்சொற்கள்தான் பாடம். முடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஒருமுறை தொடங்கினேன். அவள் விடவில்லை.

“டீச்சர், திரும்பவும் கேள்வி கேக்காமல் இருந்திருந்தால் எங்கட கதை அவைக்கு இவ்வளவு விளங்கியிருக்காது எண்டு இவர் சொல்லுறார். எனக்குத் தெரியாது. ஆனா அப்பிடி நினைக்க நல்லாய் இருக்குது.”

எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அவன் பெட்டி தூக்கிக்கொண்டு யோசித்த அந்த இரண்டு நாளும் அதில் கழியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது வகுப்பில் நான் மெதுவாகிவிட்டேன். யாராவது வென்றேன் என்றால், எதில், எவரிடம், பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறேன். பாதி நேரம் கதையிலேயே போய்விடுகிறது. நண்டுக் கம்பனிப் பெண்களில் ஒருத்தி, முன்னெல்லாம் பாடம் கூடுதலாக நடந்தது என்று குறைப்பட்டாள். உண்மைதான்.

அவள் போய் எட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கிற பகுதியில் வேலையாம். குளிர் எலும்புக்குள் போகிறதாம். கணவனோடு எப்படிப் போகிறது என்று கேட்டேன். நெடுங்காலம் போனிலேயே வாழ்ந்த இரண்டு பேர் ஒரே அறையில் இருப்பது லேசான காரியமில்லை என்று எனக்கும் தெரியும்.

“முதல் மூண்டு மாதமும் ஒரே பிணக்கு டீச்சர். அவர் சாப்பிடுற நேரம் வேற, நான் சாப்பிடுற நேரம் வேற. அவர் யன்னலைப் பூட்டுவார், நான் திறப்பன். இப்ப பரவாயில்லை. இஞ்ச வேலை செய்யிற மனுசி ஒண்டு கேக்கும், எப்பிடிப் போகுது எண்டு. நான் இப்ப, வீ ஆர் கெட்டிங் தேர் எண்டு சொல்லுறனான்.”

அந்தச் சொற்றொடரை நான் படிப்பித்ததில்லை. என்ன கருத்தில் சொல்கிறார்கள் என்று அவளிடமே கேட்டேன்.

“இன்னும் வெல்லேல்லை, ஆனா தோக்கவும் இல்லை, போய்க்கொண்டிருக்கிறம் எண்ட மாதிரி. எல்லாரும் சொல்லுவினம். முழங்கால் வருத்தக்காரரும் சொல்லுவினம், வீடு கட்டுறவையும் சொல்லுவினம்.”

அடுத்த சனிக்கிழமை அதைக் கரும்பலகையில் எழுதி, யார் சொல்லித் தந்தது என்றும் சொன்னேன். ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். மருமகளோடு பேசப் பழகுகிற தகப்பனார் இரண்டு தரம் சொல்லிவிட்டு, தன் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். அன்று பின்னேரம் மருமகள் எடுப்பதாகச் சொன்னவளாம். அதற்குள் இதை வாயில் வரவைத்துவிட வேண்டும் என்றார். மற்றவர்கள் மருமகளாக மாறி, எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று மாறி மாறி ஆங்கிலத்தில் கேட்க, அவர் கதிரை நுனியில் இருந்து பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.